ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்: பளபளப்புக்குக் காசு கொடுக்க வேண்டாம்

பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரை வாங்கப் பார்க்கப் போகிறவர்கள் முதல் வேலையாக பானெட்டைத் தூக்கி எஞ்சின் சத்தத்தைக் கேட்கிறார்கள். அதைக் கடைசியில் கேட்டால் போதும். 948 சி.சி. எஞ்சினுக்கு வேண்டிய பிஸ்டன், பேரிங், வால்வு, கேஸ்கெட் பெரும்பாலும் இன்றும் பிரிட்டனிலிருந்து பார்சலில் வந்து சேரும். அங்கே இதே குடும்பத்து டிரையம்ப் ஹெரால்டும் ஸ்பிட்ஃபயரும் வைத்திருப்பவர்கள் ஏராளம், அவர்களை நம்பி உதிரிபாகக் கடைகளும் நன்றாகவே நடக்கின்றன. வராத சாமான்கள் வேறு. நான்கு கதவு வண்டியின் பின்கதவு, அந்தக் கதவின் கண்ணாடி, ஹெரால்டுக்குப் பிறகு வந்த கெஸல் காரின் முன்பக்கத் தகடுகள், ‘ஸ்டாண்டர்ட்’ என்று எழுதிய பேட்ஜ் ஆகியவை இங்கே மட்டும் செய்தவை. ஆலையோ மூடிப் பல வருடமாகிறது. எந்தக் கடையிலும் வாங்க முடியாத சாமான் எவ்வளவு ஒழுங்காக மிஞ்சியிருக்கிறதோ, அதை வைத்துத்தான் இந்த வண்டிக்கு விலை பேச வேண்டும். எஞ்சின் ரிப்பேர் கணக்குப் போட்டுக் கழித்துக்கொள்ளக்கூடிய செலவு, அவ்வளவுதான்.

வண்டியின் பின்னணி சுருக்கமாக. 1959-இல் பிரிட்டனில் டிரையம்ப் ஹெரால்டாக வந்தது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி. 1961-இல் மதராஸின் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் இதை வண்டலூரில் செய்ய ஆரம்பித்தபோது பெயர் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஆனது. முதலில் இரண்டு கதவு. அறுபதுகளின் கடைசியில் நான்கு கதவு மார்க் 3 வந்தது. நான்கு கதவு ஹெரால்டை பிரிட்டன் கடைசிவரை செய்யவே இல்லை, அது முழுக்க நம் ஊர்ச் சரக்கு. எழுபதுகளில் வந்த கெஸலிலும் இதே 948 சி.சி. எஞ்சின்தான். ஆனால் பின் ஆக்ஸில் மாறியது. ஹெரால்டின் ஸ்விங் ஆக்ஸில், அதாவது இரண்டு பின் சக்கரமும் தனித்தனியே மேலும் கீழும் ஆடும் அமைப்பு, நம் மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கவில்லை, நம் ரோட்டுக்கும் ஒத்துவரவில்லை. அதனால் கெஸலுக்கு இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் நேர் ஆக்ஸில் போட்டார்கள்.

சேகரிப்பவர்கள் வரிசை எப்படி? ஆரம்பகால இரண்டு கதவுக்குத்தான் முதல் இடம். கம்பேனியன் என்ற, பின்னால் சாமான் இடம் நீண்ட எஸ்டேட் வண்டி ஒழுங்காகக் கிடைத்தால் அதற்குப் போட்டி உண்டு, ஏனென்றால் அது கண்ணில் படுவதே அரிது. நான்கு கதவு மார்க் 3 மூன்றாவது. கெஸலைக் கடைசியில் வைப்பது வழக்கம். எங்களுக்கு இதில் உடன்பாடில்லை. ஓட்டுவதற்கு இந்தக் குடும்பத்தில் பயமில்லாத வண்டி கெஸல்தான், மழையில் வளைவு எடுத்துப் பார்த்தவருக்குத் தெரியும். ஆனால் சந்தை ஓட்டிப் பார்த்து விலை வைப்பதில்லை.

கன்வெர்ட்டிபிள், அதாவது மடக்கும் துணிக்கூரை வண்டி என்று யாராவது சொன்னால் உஷாராகுங்கள். ஹெரால்டின் கூரை போல்ட்டில் நிற்கிறது. சில மணி நேர வேலையில் கழற்றி, மேலே ஒரு கான்வாஸைப் போட்டு, ‘ஒரிஜினல் சாஃப்ட் டாப்’ என்று விற்றுவிடலாம். பின்சீட்டுக்குப் பின்னால் துணிக்கூரை மடங்கி உட்காரும் பள்ளத்தையும், அதன் சட்டகம் மாட்டும் இடங்களையும் பாருங்கள். புது வெல்டிங் இருந்தால், அல்லது பழைய கூரையின் போல்ட் ஓட்டைகளை அடைத்த தழும்பு தெரிந்தால், அது கூரை இழந்த சாதா ஹெரால்ட். அதன் விலை சாதா ஹெரால்டுக்கும் கீழே.

இனி பெயிண்ட். பழைய கார் உலகம் பளபளப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகி வருகிறது. கலிஃபோர்னியாவின் பெப்பிள் பீச் கண்காட்சியில் 2024-இல் முதல் பரிசு வாங்கியது மறுசீரமைப்பே செய்யாத 1934 புகாட்டி டைப் 59. ‘பாதுகாக்கப்பட்ட வண்டி’ பிரிவிலிருந்து ஒரு கார் அந்தப் பரிசை வாங்கியது அதுவே முதல்முறை. ஹெரால்டை புகாட்டியோடு ஒப்பிட வேண்டியதில்லை, ஆனால் காரணம் ஒன்றுதான். மறுபெயிண்ட் எத்தனை முறை வேண்டுமானாலும் அடிக்கலாம். ஆலைப் பெயிண்ட் ஒரே முறைதான்.

அது மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க வெளித்தகட்டை விட்டு உள்ளே தேடுங்கள். டேஷ்போர்டுக்கு அடியில், டிக்கி மூடியின் உட்புறம், கதவின் உள் அட்டையைக் கழற்றினால் தெரியும் தகடு, தரை விரிப்புக்குக் கீழே. இந்த நான்கு இடத்திலும் ஒரே நிறம் இருந்து, வெளியேயும் அதே நிறமென்றால் நல்ல சகுனம். பெயிண்ட் கனம் அளக்கும் மீட்டர் கையில் இருந்தால் இன்னும் நல்லது. ஆலைப் பூச்சு பொதுவாக 100 முதல் 150 மைக்ரானுக்குள் நிற்கும் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). 300 தாண்டினால் மேலே வேறு பெயிண்ட் ஏறியிருக்கிறது. ஒரு இடத்தில் 1,000 தாண்டினால் உள்ளே பட்டி வைத்திருக்கிறார்கள், அதற்குக் கீழே துருவோ இடித்த பள்ளமோ இருக்கும். மீட்டர் இல்லையென்றால் மெல்லிய துணி சுற்றிய சின்ன காந்தம் போதும். தகட்டில் ஒட்டுவது பட்டியில் ஒட்டாது.

நிறம் மங்கிய, ஆனால் ஒட்டுப்போடாத வண்டி கிடைத்தால் உடனே டிங்கரிங் பட்டறைக்கு அனுப்பிவிடாதீர்கள். பலர் செய்யும் பெரிய தப்பு இது. கையில் இருந்த மதிப்பை அவர்களே காசு கொடுத்துச் சுரண்டி எடுக்கிறார்கள்.

பானெட்டை ஒரு முறை திறந்து மூடுங்கள். இதில் இரண்டு மட்கார்டும் விளக்குகளும் பானெட்டும் ஒரே துண்டு, மொத்தமும் முன்னோக்கிச் சாயும். எஞ்சின் வேலை பார்க்க இதைவிட வசதியான கார் கிடையாது, டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு கார்புரேட்டரைக் கழற்றலாம். ஆனால் முன்னால் சின்ன இடி பட்டாலும் அடி வாங்குவது அந்தப் பெரிய ஒற்றைத் துண்டு. மூடிய பிறகு கதவுக்கும் பானெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவா என்று பாருங்கள். ஒரு பக்கம் விரல் போகிறது, மறுபக்கம் நகம்கூடப் போகவில்லை என்றால் கீல் குழாய் வளைந்திருக்கலாம், அல்லது வண்டி முன்பு இடிபட்டிருக்கலாம்.

அடுத்தது சேசிஸ். வண்டியின் உயிர் இங்கேதான். அம்பாஸடரிலும் ஃபியட்டிலும் இருப்பதுபோல பாடியே சுமை தாங்கும் அமைப்பு இதில் இல்லை. கீழே தனி இரும்புச் சட்டம், மேலே பாடி போல்ட்டில் உட்காருகிறது. நடுச்சட்டத்திலிருந்து இரண்டு பக்கமும் கை நீட்டுவதுபோல வரும் குறுக்குத் துண்டுகளை அவுட்ரிக்கர் என்பார்கள். டயர் வாரி இறைக்கும் சேறு அதன் மேல் தங்கி உள்ளிருந்து அரிக்கும். வெளியே கறுப்பு அண்டர்கோட் புதுசாகத் தெரியும், உள்ளே காகிதம்போல ஆகியிருக்கும். வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, ஸ்க்ரூடிரைவரின் பிடியால் அடிப்பக்கம் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு ‘டங்’ என்று சொல்லும். செத்த இரும்பு ‘தப்’ என்று மழுங்கும். முன் அவுட்ரிக்கர்கள், பின்சீட்டுக்கு அடியில் வரும் பின் அவுட்ரிக்கர்கள், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிஃப்ரன்ஷியல் உட்காரும் இடம் மூன்றையும் விடக்கூடாது. கடற்கரை ஊர் வண்டியென்றால் டிக்கித் தரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவுட்ரிக்கரை மாற்றலாம், நல்ல வெல்டர் செய்வார். நடுச்சட்டம் போயிருந்தால் பாடியைத் தூக்கித்தான் ஆக வேண்டும். அந்தச் செலவுக்குப் பிறகு கையில் இருப்பது பாதுகாத்த வண்டி அல்ல, புதுசாகக் கட்டிய வண்டி. கதவுகளும் துப்பு கொடுக்கும். கதவின் மேல் இடைவெளி நெருக்கமாகவும் கீழ் இடைவெளி அகலமாகவும் இருந்தால் சட்டம் நடுவில் தொங்கிவிட்டது என்று அர்த்தம். கீலை முறுக்கி இதைச் சரிசெய்ததாகச் சொல்வார்கள். சரியாகாது.

முன் சக்கரத்தில் ஒரு விஷயம் தெரிந்தே ஆக வேண்டும். ஸ்டியரிங் திரும்பும்போது சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் கீழ்முனையில் மரை இருக்கும். அது ட்ரனியன் என்ற பித்தளைக் கட்டைக்குள் திருகி நிற்கிறது. அதற்கு ஈ.பி. 90 கியர் ஆயில்தான் போட வேண்டும். கிரீஸ் கூடாது. நம் பட்டறைகளில் நிப்பிள் (கிரீஸ் அடிக்கும் சின்ன முனை) தெரிந்தால் கிரீஸ் கன்னை வைத்து அடிப்பது கை பழகிப்போன வேலை. கிரீஸ் மரை வரை இறங்காது. மேலே கெட்டியாகி, உள்ளே புகுந்த மழைநீரை வெளியே போகவும் விடாது. மரை துருப்பிடிக்கும், இறுகும். ஒரு நாள் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது தண்டு முறிந்து சக்கரம் மட்கார்டுக்கு அடியில் மடங்கும். பெரும்பாலும் பார்க்கிங்கில் மெதுவாகத் திருப்பும்போதுதான் முறியும். எப்போதும் அப்படி அமைய வேண்டும் என்று வேண்டிக்கொள்ளலாம்.

சோதிப்பது சுலபம். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். பிறகு ஸ்டியரிங்கை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரு விரலால் திருப்பிப் பாருங்கள். சக்கரம் தரையில் படாதபோது ஸ்டியரிங் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நடுவில் எங்காவது பிடித்தால் ட்ரனியன் இறுகுகிறது. விற்பவரிடம் ‘இதற்கு என்ன போடுகிறீர்கள்?’ என்று சும்மா கேளுங்கள். ‘ஆயில்’ என்று பதில் வந்தால், அந்த வண்டியை விவரம் தெரிந்தவர் பார்த்திருக்கிறார். ‘கிரீஸ்’ என்றால், இரண்டு பக்கமும் தண்டும் ட்ரனியனும் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். சாமான் பிரிட்டனிலிருந்து வரும், பயப்பட வேண்டாம். வாங்கிய பிறகு வருடத்துக்கு இரண்டு முறை, பழைய கிரீஸ் கன் ஒன்றைக் கழுவி அதில் கியர் ஆயிலை நிரப்பி, கீழே கசியும் வரை அடித்தால் போதும்.

ஹெரால்டின் பின்பக்கம் குறுக்காக ஒரே லீஃப் ஸ்பிரிங், பட்டைகளை அடுக்கிச் செய்தது. வண்டியை சமதரையில் நிறுத்தி, பத்தடி தள்ளி நின்று பின்னாலிருந்து பாருங்கள். பின் சக்கரங்களின் தலை உள்ளே சாய்ந்து, இரண்டும் முழங்கால் இடித்துக்கொள்பவன் நிற்பதுபோல் நின்றால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. ஸ்பிரிங் பட்டறையில் வளைவு ஏற்றிக் கொடுப்பார்கள், கொஞ்ச காலம் தாங்கும். புறப்படும்போது ‘டொக்’ என்று ஒரு தட்டு கேட்டால் ஆக்ஸிலின் யூனிவர்சல் ஜாயிண்ட் தேய்ந்திருக்கிறது. சக்கரம் மாட்டும் பின் ஹப்பைக் கழற்ற, அதை இழுத்தெடுக்கும் நல்ல கனமான புல்லர் வேண்டும். சுத்தியலால் அடித்துக் கழற்றிய வண்டிகளில் ஆக்ஸில் முனை காளான்போல் விரிந்திருக்கும், பார்த்தாலே தெரியும். வேகமாக வளைவில் நுழைந்துவிட்டு நடுவில் ஆக்ஸிலரேட்டரை விட்டால், ஸ்விங் ஆக்ஸில் சக்கரத்தை உள்ளே மடக்கும். அது பழுதல்ல, வண்டியின் சுபாவம். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

இப்போது எஞ்சின். இதில் ஒரே ஒரு சோதனையை மட்டும் விடாதீர்கள். ஒருவரை சீட்டில் உட்காரவைத்து கிளட்சை மிதிக்கச் சொல்லுங்கள். நீங்கள் முன்னால் குனிந்து, எஞ்சின் முகப்பில் பெல்ட் ஓடும் கிராங்க் புல்லியை மட்டும் பாருங்கள். கிளட்ச் மிதிக்கும்போது புல்லி கண்ணுக்குத் தெரிகிற அளவு முன்னே நகர்ந்தால் கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது. இருக்க வேண்டிய ஆட்டம் 0.10 முதல் 0.20 மில்லிமீட்டர் வரைதான், அது கண்ணுக்குத் தெரியவே கூடாது. அரைநிலா வடிவத்தில் இருக்கும் அந்த இரண்டு வாஷர்களும் விலை குறைந்தவை. ஆனால் அவை தேய்ந்து எண்ணெய்த் தொட்டியில் விழுந்த பிறகும் ஓட்டினால் கிராங்க் நேராக பிளாக்கையே அரைக்கும். அதோடு பிளாக் காயலான் கடைக்குத்தான். பிளாக் போனால் அதில் பொறித்த எஞ்சின் எண்ணும் போகும், ஆர்.சி. புக்கில் உள்ள எண்ணோடு பொருந்திய வண்டி என்ற தகுதியும் போகும். எஞ்சினில் சேகரிப்பாளர் உண்மையில் காசு கொடுப்பது அந்த எண்ணுக்குத்தான்.

மற்றவை வழக்கமானவை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் இரண்டு நொடி ‘கடகட’வென்றால் பேரிங், முன்பக்கத்தில் சங்கிலி உரசினால் டைமிங் செயின். முதல் கியரில், பல் உரசாமல் கியர் விழ உதவும் சின்க்ரோமெஷ் கிடையாது, வண்டி நின்ற பிறகுதான் போட வேண்டும். இரண்டாவது கியர் இறக்கும்போது கரகரப்பது இந்த கியர்பாக்ஸின் முதல் நோய். பிரேக் நான்கும் டிரம், ஒரே சர்க்யூட். ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்காது. அதனால் பல மாதம் நின்ற வண்டியை ஓட்டிப் பார்க்கும் முன் ரப்பர் ஹோஸ்களையும் வீல் சிலிண்டர்களையும் பார்த்தே ஆக வேண்டும். புது பேட்டரி மாட்டுவதற்கு முன் எந்த முனை எர்த்தில், அதாவது வண்டியின் உடம்போடு, இணைந்திருக்கிறது என்று பாருங்கள். பழைய லூகாஸ் டைனமோ வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் இருப்பதுண்டு, மாற்றிக் கொடுத்தால் புகைதான்.

பெட்ரோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப் டயஃப்ரமையும் அது ஊறவைத்துக் கரைக்கும், காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து டேங்கைத் துருப்பிடிக்க வைக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸாக முழுவதும் மாற்றிவிடுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் நிற்கப் போகிற வண்டியில் கார்புரேட்டரைக் காலி செய்துவிடுங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டோடு நாடு முழுக்க நின்றுபோனது. வால்வு உட்காரும் சீட்டைத் தேயாமல் காத்தது அந்த ஈயம்தான். அதற்குப் பிறகு எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டை இறக்கவே இல்லை என்றால், அடுத்து இறக்கும்போது எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினமான சீட் அடித்துவிடுவது நல்லது.

காகிதம் இல்லாத ஹெரால்ட் வெறும் உதிரிபாகம். 2023 ஆகஸ்டில் கலிஃபோர்னியா ஏலம் ஒன்றில் எரிந்து நசுங்கிய ஃபெராரி 500 மான்டியல் கூடு ஒன்று 18.75 லட்சம் டாலருக்குப் போனது. அதில் உருப்படியான தகடு எதுவும் இல்லை. வாங்கியவர் காசு கொடுத்தது சேசிஸ் எண்ணுக்கும் அதன் வரலாற்றுக்கும். ஹெரால்டிலும் அளவு சின்னதே தவிர விதி அதுதான். எண் பொறித்த இடத்தில் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள், ஆர்.டி.ஓ. ஆபீஸில் செய்வதுபோல. எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் வர வேண்டும். ஒரு எண் மட்டும் ஆழமாக, கோணலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

எம்.எஸ்., எம்.டி. என்று தொடங்கும் பழைய மதராஸ் பதிவெண் வண்டியிலேயே இருந்தால் அதற்குத் தனி மதிப்பு. ஆனால் பழைய ஆர்.சி. பல, கம்ப்யூட்டரில் ஏறியிருக்காது. பழைய பதிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் பேக்லாக் என்ட்ரி முடித்துக் கொடுப்பது விற்பவரின் வேலை என்று முன்பணத்துக்கு முன்பே பேசுங்கள். உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 வேண்டும். சாதாரண மாற்றத்துக்கு 29, 30. ‘பேரன்தான் வைத்திருக்கிறார், பிரச்சினை இல்லை’ என்பது பதில் ஆகாது. பேரனுக்கு ஐந்து அத்தைகள் இருப்பார்கள்.

2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம், புதுப் பதிவுக்கு ‘வி.ஏ.’ வரிசை. ஆனால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பராமரிப்பு, ஆய்வு ஆகியவற்றுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். தினமும் கடைக்குப் போக விரும்புகிறவர் இதில் மாட்டிக்கொள்ள வேண்டாம். சாதாரணப் பதிவைப் புதுப்பித்தால் போதும், 20 வருடம் தாண்டிய காருக்கு அதன் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ஆக உயர்ந்தது. இன்சூரன்ஸில் கதை வேறு. மோட்டார் டாரிஃப் என்ற இன்சூரன்ஸ் விதித்தொகுப்பில் விண்டேஜ் என்றால் 1940-க்குள் செய்த கார். ஹெரால்ட் அதில் வராது. கம்பெனியும் நீங்களும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகைதான் மதிப்பு. அதனால் பிரீமியம் கட்டுவதற்கு முன்பே போட்டோக்கள், பில்கள், பழைய ஆவணங்களின் நகல் எல்லாம் கொடுத்துத் தொகையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாம் தேறினால், ஓட்டிப் பார்ப்பது சந்தோஷமான வேலை. 25 அடி வட்டத்தில் திரும்பிவிடும். ஆட்டோவே யோசிக்கிற சந்தில் ஹெரால்ட் ஒரே வீச்சில் திரும்பும்போது விலை பேச வந்ததே மறந்துபோகும். மறக்காதீர்கள்.

விலை முடிந்ததும் இன்னொன்று கேளுங்கள். இப்படிப்பட்ட வீடுகளில் மாடிப்படிக்கு அடியிலோ ஷெட்டின் மூலையிலோ ஒரு சாக்கு இருக்கும். உடைந்த கதவுப் பிடி, விரிசல் விட்ட விளக்கு வளையம், ஒரு காது போன பேட்ஜ், பழைய ஹப் கேப் என்று எதையோ போட்டு வைத்திருப்பார்கள். விற்பவருக்கு அது குப்பை. வண்டியோடு அதையும் ஏற்றிக்கொள்ளுங்கள்.